பெட்டியில் ஒரே பெயர், உள்ளே வேறு ஆட்டம்: பிளேஸ்டேஷன் 5க்கு எந்த உதைபந்தாட்டத்தை வாங்குவது?

கொட்டாஞ்சேனையில் இருக்கும் சித்தியின் மகனுக்கு ஓஎல் சோதனை முடிந்த கையோடு, கனடாவிலிருந்து வந்த மாமா ஒரு பிளேஸ்டேஷன் 5 கொடுத்துவிட்டுப் போனார். கூடவே கேம் ஒன்றும் இல்லை. கொன்ட்ரோலரும் ஒன்றுதான். நான்காம் நாள் எனக்கு அழைப்பு வந்தது.

"அண்ணா, எஃப்சி 26 புதுசா வாங்குவமா? இல்லாட்டி 25 செகண்ட் ஹேண்டில எடுப்பமா? ஈஃபுட்போல் காசில்லாமக் கிடைக்குதே, அதோட இருந்தாப் போதாதா? உங்கட ஃபிஃபா 23 டிஸ்க்கை இதுக்குள்ள போட்டா ஓடுமா?"

ஒரே மூச்சில் நான்கு கேள்வி. ஈஏ நிறுவனத்தின் ஃபிஃபா ஆட்டங்கள்தான் ஃபிஃபா 23க்குப் பிறகு எஃப்சி என்ற பெயரில் வருகின்றன. ஈஃபுட்போல் கொனாமி நிறுவனத்தினுடையது, முன்பு அதற்குப் பெயர் பெஸ். மூன்று நாளாக விமர்சனங்களைத் தேடித் தேடிப் படித்திருக்கிறான். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடியிருக்கிறது. ஒருவர் பாராட்டுகிறார், இன்னொருவர் போன வருடத்துச் சோற்றையே சூடாக்கித் தந்திருக்கிறார்கள் என்கிறார். இரண்டு பேரும் போட்ட மதிப்பெண்ணோ கிட்டத்தட்ட ஒன்று. எதை நம்புவது?

சின்னக் காசு என்றால் யோசிக்கத் தேவையில்லை. எஃப்சி 26இன் சாதாரணப் பதிப்பு வெளிவந்தபோது 69.99 டொலர். டொலர் 300 ரூபா என்று பிடித்தாலே 21,000 ரூபா. 2022இல் இலங்கை ரூபா சரிந்து விழுந்ததைப் பார்த்த எந்த வீட்டிலும் இது ஒரு பேச்சில் முடிகிற காசு இல்லை. ஆகவே அவனுக்குத் தொலைபேசியில் சொன்னதை, சொல்ல மறந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் விமர்சனங்களைப் பற்றி. ஒரு உதைபந்தாட்டக் கேமுக்குக் கிடைத்த மதிப்பெண் அந்தப் பெயருக்குரியது என்று நாங்கள் நினைக்கிறோம். உண்மையில் அது, விமர்சகர் எந்த இயந்திரத்தில் எந்தப் பதிப்பை விளையாடினாரோ அதற்கு மட்டும் உரியது. பெட்டியின் முகப்பில் அதே வீரர், அதே எழுத்து, அதே இலக்கம். உள்ளே இருப்பது வேறாக இருக்கலாம். இந்த வகை ஆட்டங்களில் அப்படி வேறாக இருந்த கதைக்கு இருபது வருடப் பழக்கம் உண்டு.

2005 நவம்பரில் எக்ஸ்பொக்ஸ் 360 வந்தபோது, அதற்கென்று ஈஏ நிறுவனம் ஃபிஃபா 06: ரோட் டு ஃபிஃபா வேர்ல்ட் கப் என்ற ஆட்டத்தை வெளியிட்டது. புல்லும் வியர்வையும் பளபளத்தன. கிளப் அணி ஒன்றுகூட இல்லை, தேசிய அணிகள் மட்டும்தான். பழைய பிளேஸ்டேஷன் 2இல் அதே வருடத்து ஃபிஃபா 06 ஏராளமான லீக்குகளோடு வந்திருந்தது. அடுத்த வருடம் ஃபிஃபா 07இலும் அதே கதை: 360க்கான பதிப்பில் விரல்விட்டு எண்ணக்கூடிய லீக்குகள், பழைய இயந்திரத்தில் முழுப் பட்டியல். கொனாமியின் பெஸ் 6ஐ 360இல் போட்டால், வீரரையும் ஜெர்சியையும் நாங்களே திருத்திக்கொள்ளும் வசதியில் பெரும்பகுதி வெட்டப்பட்டிருந்தது. பெஸ் 2008 பிளேஸ்டேஷன் 3இல் இழுத்து இழுத்து ஓடியது. அந்த இழுவையை அப்போது வந்த விமர்சனங்கள் ஒளிக்காமல் எழுதின.

அந்தக் காலத்தில் பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து விளையாடிய பொடியன்களில் நானும் ஒருவன். புது இயந்திரம் இருந்த மூலைக்குக் கூட்டம் பார்க்கத்தான் போகும், விளையாட பிளேஸ்டேஷன் 2க்கே திரும்பி வரும். எங்களுக்கு விமர்சனம் வாசிக்கும் பழக்கம் இல்லை. ஆனாலும் விமர்சகர்கள் சொன்னதையேதான் எங்கள் கால்களும் சொல்லின.

நிலைமை மாற நான்கைந்து வருடம் பிடித்தது. ஃபிஃபா 10 வந்தபோது, விமர்சகர் மதிப்பெண்களைச் சேர்த்துச் சராசரி பார்க்கும் மெட்டாகிரிட்டிக்கில் பிளேஸ்டேஷன் 3 பதிப்புக்கு 91 கிடைத்தது. பிளேஸ்டேஷன் 4 வந்தபோதும் இதே சக்கரம் சுற்றியது. ஃபிஃபா 14 உடல்களின் பாரத்துக்கும் அசைவுக்கும் பாராட்டு வாங்கியது, ஆனால் பழைய பதிப்பில் இருந்த சுற்றுப்போட்டி வசதி போன்றவை அதில் இல்லை. கொனாமி பெஸ் 2014ஐ பிளேஸ்டேஷன் 4க்குக் கொண்டுவரவே இல்லை. அடுத்த வருடத்து பெஸ் 2015தான் அவர்களின் முதல் அடி.

பிளேஸ்டேஷன் 5க்கு ஃபிஃபா 21 வந்தது 2020 டிசெம்பரில். வீரர் களைத்துப்போனால் ஓட்டத்துக்கு அழுத்தும் பொத்தான் விரலுக்கு இறுகிக் காட்டும். நல்ல யோசனைதான், ஆனால் ஆட்டம் பழையதே. உண்மையான மாற்றம் ஃபிஃபா 22இல் வந்த ஹைப்பர்மோஷன். 22 பேருக்கு உணரிகள் பொருத்திய உடை அணிவித்து, முழு ஆட்டம் விளையாடவைத்து, அதிலிருந்து 4,000க்கு மேற்பட்ட புதிய அசைவுகளை எடுத்தார்கள். இது பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பொக்ஸ் சீரிஸ், அப்போது இருந்த கூகிளின் ஸ்டேடியா மூன்றிலும்தான். பிளேஸ்டேஷன் 4 பதிப்பில் கிடையாது, கணினிப் பதிப்பிலும் கிடையாது.

இங்கேதான் என் நண்பன் ஒருவன் மாட்டிக்கொண்டான். 2022 தொடக்கத்தில், இறக்குமதிக் கட்டுப்பாடும் டொலர்த் தட்டுப்பாடும் உச்சத்தில் இருந்த நேரம், கொழும்பில் ஒரு கடையில் பிளேஸ்டேஷன் 5க்கு ஃபிஃபா 22 கேட்டான். கொடுத்தார்கள். வீட்டில் போட்டான், ஓடியது. ஒரு வாரம் கழித்து என்னிடம் வந்து, விமர்சனம் எழுதுகிறவன் எல்லாம் பொய்யன், புதிதாக ஒன்றும் இல்லை என்று பொருமினான். பெட்டியை வாங்கிப் பார்த்தேன். மேல் ஓரத்தில் பிஎஸ்4 என்று இருந்தது. பிளேஸ்டேஷன் 4 டிஸ்க்கை 5இல் போட்டால் பெரும்பாலும் ஓடும், ஆனால் ஓடுவது பிளேஸ்டேஷன் 4 ஆட்டம். ஃபிஃபா 21இல் பழைய டிஸ்க்கைப் புதிய பதிப்புக்கு இலவசமாக மாற்றிக்கொள்ள முடிந்தது. 22இன் சாதாரணப் பதிப்பில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். விமர்சகர் பாராட்டிய ஆட்டத்தை அவன் ஒரு நாளும் விளையாடவில்லை. கடைக்காரர் தெரிந்து செய்தாரா தெரியாமல் செய்தாரா என்பது இரண்டாவது விஷயம், போன காசு திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து யார் கேம் வாங்கப் போனாலும் பெட்டியின் மேல் ஓரத்தைப் பார் என்று சொல்லி அனுப்புகிறேன்.

நின்டெண்டோ ஸ்விட்ச் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் கசப்பான பாடம். ஃபிஃபா 20இலிருந்து 23 வரை ஸ்விட்ச்சுக்கு வந்தவை லெகசி எடிஷன்: அணிப் பட்டியலும் ஜெர்சியும் புதிது, ஆட்டம் அப்படியே பழையது. விமர்சனத் தளமான ஐஜிஎன் ஃபிஃபா 20 லெகசிக்கு 10க்கு 2 போட்டது. 21 வந்தபோது முந்தைய விமர்சனத்தையே மறுபடி வெளியிட்டு அதே 2ஐப் போட்டது. கேம் மாறவில்லை, பிறகு எதற்கு விமர்சனம் மாறவேண்டும் என்ற நியாயம். ஸ்விட்ச்சில் உண்மையான மாற்றம் எஃப்சி 24இல்தான் வந்தது. அந்த 2ஐ மட்டும் பார்த்தவர் ஃபிஃபா 21 குப்பை என்பார், பிளேஸ்டேஷன் பதிப்பின் விமர்சனத்தைப் படித்தவர் நல்ல கேம் என்பார். இரண்டு பேர் சொல்வதும் சரி.

சரி, தம்பியின் கேள்விகளுக்கு வருவோம்.

என்னுடைய ஃபிஃபா 23 டிஸ்க் பிளேஸ்டேஷன் 4க்கானது. அவனுடைய இயந்திரத்தில் ஓடும், ஆனால் என் நண்பனுக்கு நடந்ததுதான் அவனுக்கும் நடக்கும். அதற்காக அதைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். ஃபிஃபா அமைப்பும் ஈஏயும் பிரிவதற்கு முன் வந்த கடைசி ஆட்டம் அது. கட்டார் உலகக் கிண்ணம் அந்தப் பெயரோடும் கிண்ணத்தோடும் அதில் இருக்கிறது. எஃப்சி வரிசையில் அந்தப் பெயருக்கு இடமில்லை. எஃப்சி 24 வந்த நேரத்தில் பழைய ஃபிஃபாக்களை இணையக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள், ஆகவே டிஸ்க் வைத்திருப்பவன் கையில்தான் ஆட்டம் இருக்கிறது. ஒன்லைன் விளையாட அதை நம்ப வேண்டாம். சோபாவில் இரண்டு பேர் இருந்து விளையாட இன்றைக்கும் குறைவில்லை.

அந்த டிஸ்க்கில் யாரும் கவனிக்காத ஒரு நன்மை உண்டு. பிளேஸ்டேஷன் 4இன் டியூவல்ஷொக் 4 கொன்ட்ரோலரை வைத்து பிளேஸ்டேஷன் 5 ஆட்டங்களை விளையாட முடியாது. ஆனால் அதே இயந்திரத்தில் பிளேஸ்டேஷன் 4 ஆட்டங்களை விளையாடலாம். என்னிடம் அப்படி இரண்டு கிடக்கின்றன. தம்பியிடம் இருப்பது ஒன்றே ஒன்று. எந்த விமர்சனத்திலும் இந்த விஷயம் வராது, ஏனென்றால் விமர்சகர் தனியாக இருந்து விளையாடுகிறார். எங்கள் வீடுகளில் உதைபந்தாட்டக் கேம் தனியாள் விளையாட்டே இல்லை. ஒருவர் தோற்க வேண்டும், அடுத்தவர் கொன்ட்ரோலருக்குக் காத்திருக்க வேண்டும், அடுக்களையிலிருந்து சித்தி சத்தம் போட வேண்டும்.

பெஸ் 2021ஐயும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இதுவும் பிளேஸ்டேஷன் 4 டிஸ்க், 5இல் ஓடும். பாஸ் கொடுக்கும் சுகத்தில் அதற்கு இணை இல்லை என்று நினைக்கும் கூட்டத்தில் நானும் ஒருவன். முக்கியமானது அதன் திருத்தும் வசதி. யுஎஸ்பியில் படம் ஏற்றி ஜெர்சி, சின்னம், பெயர் எல்லாவற்றையும் மாற்றலாம். இலங்கை அணி ஈஏயின் ஆட்டங்களில் இல்லை. 1995இல் கொழும்பில் இந்தியாவை 1-0 என்று வென்று தெற்காசியக் கிண்ணம் எடுத்த நாட்டின் ஜெர்சியை திரையில் பார்க்க வேண்டுமென்றால், நாங்களே உட்கார்ந்து செய்ய வேண்டும். ஒரு விடுமுறை முழுக்க இருந்து நான் அதைச் செய்திருக்கிறேன். தேடினால் செகண்ட் ஹேண்டில் கிடைக்கலாம், இணையத்தில் வாங்க முடியாது.

அடுத்தது காசில்லாமல் கிடைக்கும் ஈஃபுட்போல். இதன் கதையைப் போல விமர்சனத்துக்கும் காலத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் வேறு உதாரணம் கிடையாது. கொனாமி பெஸ் என்ற பெயரையே விட்டுவிட்டு 2021 செப்டெம்பர் 30 அன்று ஈஃபுட்போல் 2022ஐ இலவசமாக வெளியிட்டது. ஒன்பது அணிகள். முகங்கள் கோணியிருந்தன, பந்து கால்களுக்கூடாகப் போனது, கைகள் முறுக்கிக்கொண்டன. கணினிக்கான ஸ்டீம் கடையில் அதுவரை பதிவான மோசமான பயனர் மதிப்பீடுகளில் ஒன்று அதற்குக் கிடைத்தது. கொனாமி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. முழுமையான பதிப்பு என்று சொல்லக்கூடிய 1.0.0 வர 2022 ஏப்ரல் 14 ஆகிவிட்டது.

இன்று ஈஃபுட்போல் என்று தேடினால் அந்த 2021 விமர்சனங்கள்தான் முதலில் கண்ணில் படும். அவற்றை வைத்து இன்றைய ஆட்டத்தை எடைபோடுவது அநியாயம். அதற்குப் பிறகு எத்தனையோ மாற்றம் வந்துவிட்டது. இன்று களத்தில் பந்தின் போக்கும் உடல் மோதலும் நன்றாக இருக்கின்றன, வேகத்தில் ஈஏயை விட நிதானம். பழைய பெஸ்காரனுக்குச் சில நேரம் அந்தப் பழைய சுகம் திரும்பி வருகிறது. காசில்லாத ஆட்டங்களை ஒன்லைனில் விளையாட பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா தேவையில்லை என்பது இன்னொரு இலாபம்.

ஆனால் அதோடு இருந்தால் போதுமா என்று தம்பி கேட்டதற்கு என் பதில் போதாது என்பதுதான். அவனுக்குப் பிடித்தது ஒரு சின்னக் கிளப்பை எடுத்து, வருடக்கணக்கில் வளர்த்து, மேலே கொண்டுவருவது. அப்படி விளையாட பெஸ்ஸில் இருந்த, பெஸ் ஆட்களுக்கு உயிரான மாஸ்டர் லீக் இல்லாமல்தான் ஈஃபுட்போல் வந்தது. அதன் மையம் வீரர் அட்டைகளைச் சேர்த்து ஒரு கனவு அணி கட்டுவது, ஒன்லைனில் மோதுவது. இணையம் விட்டால் ஆட்டமும் விட்டதுபோல்தான். பிரீமியர் லீக்கின் உரிமை ஈஏயிடம் இருப்பதால், தனியாக ஒப்பந்தம் செய்த ஆர்சனல், மான்செஸ்டர் யுனைடெட் போன்ற சில கிளப்புகளைத் தவிர மற்றவற்றுக்கு உண்மையான சின்னத்தை எதிர்பார்க்கக் கூடாது. இதே உரிமைச் சண்டையில் ஈஏயும் அடி வாங்கியிருக்கிறது. எஃப்சி 25இல் இன்டர் மிலானுக்கு லொம்பார்டியா எஃப்சி என்று பெயர்.

யுஎஃப்எல் என்று இன்னொரு இலவச ஆட்டம் 2024 டிசெம்பரில் பிளேஸ்டேஷன் 5க்கும் எக்ஸ்பொக்ஸ் சீரிஸுக்கும் வந்தது. கிறிஸ்டியானோ ரொனால்டோ அதில் முதலீடு செய்திருப்பதால் பெயர் அடிபட்டது. இறக்கிப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

இனி உண்மையான போட்டி: எஃப்சி 25ஆ, 26ஆ.

எஃப்சி 25 வெளியானது 2024 செப்டெம்பர் 27. அதில் எல்லாரும் பாராட்டிய விஷயம் ரஷ். பக்கத்துக்கு ஐந்து பேர், சின்ன மைதானம், முரட்டுத் தவறு செய்தவருக்கு நீல அட்டை, ஒரு நிமிடம் வெளியே நிற்க வேண்டும். கொழும்பில் இரவில் மின்விளக்குப் போட்ட சின்ன மைதானங்களில் மணிக்கணக்குக்கு வாடகை கட்டி விளையாடுகிறவர்களுக்கு அது உடனே பிடிபடும். அதே வருடத்தில்தான் மகளிர் லீக்குகளில் கரியர், அதாவது ஒரு கிளப்பை எடுத்து வருடக்கணக்கில் நடத்தும் ஆட்டம், தொடங்கும் வசதியும் வந்தது. தம்பியின் தங்கச்சி அலெக்ஸியா புட்டெயாஸின் பரம இரசிகை, அவளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. விமர்சகர்கள் குறை சொன்னது வேறு இடத்தில்: புதிய தந்திர முறை சிக்கலாக இருக்கிறது, பிழைகள் கிடக்கின்றன, அடிப்படை ஆட்டம் போன வருடத்திலிருந்து பெரிதாக நகரவில்லை.

நான் 25ஐ நண்பன் வீட்டில் நிறைய விளையாடியிருக்கிறேன். என் குறை இன்னொன்று. ஒன்லைனில் போட்டிக்கு விளையாடுகிறவர்களுக்காகச் செதுக்கிய வேகம், வீட்டில் கரியர் விளையாடுகிறவன் தலையிலும் விழுகிறது. அவர்கள் முறைப்பாடு செய்தால் அப்டேட் வந்து ஆட்டம் மாறும், அந்த மாற்றம் எங்களையும் இழுத்துக்கொண்டு போகும். செப்டெம்பரில் விமர்சகர் விளையாடிய ஆட்டத்தை நாங்கள் ஜனவரியில் விளையாடுவதில்லை.

2025 செப்டெம்பர் 26 அன்று வந்த எஃப்சி 26 இந்த இடத்தைத்தான் தொட்டிருக்கிறது. ஆட்டத்தை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். கொம்பெட்டிட்டிவ் என்பது ஒன்லைன் போட்டிக்கு: வேகம், உடனடிப் பதில். ஒத்தெண்டிக் என்பது கரியருக்கும் தனியாக விளையாடுகிறவருக்கும்: நிதானம், இடைவெளியைத் தேடும் பாதுகாப்பு, உண்மையான ஆட்டத்துக்குக் கிட்டிய நடை. இந்தப் பிரிவினையை விமர்சகர்கள் வரவேற்றார்கள், கால்களில் பந்து சொன்னபடி கேட்கிறது என்பதையும் பாராட்டினார்கள். மறுபக்கம், வீரர் அட்டைகளைச் சேர்த்து அணி கட்டும், காசு கேட்கும் அல்டிமேட் டீம் அப்படியே இருக்கிறது, மொத்தத்தில் இது பெரும் பாய்ச்சல் இல்லை என்றும் எழுதினார்கள். கரியரில் மற்றக் கிளப்புகளின் முகாமையாளர்களும் இடம் மாறுகிறார்கள், சின்னச் சின்னச் சவால்கள் வந்துகொண்டிருக்கின்றன.

இதை வாசித்துவிட்டு ஒருவர் பெரிய மாற்றமில்லை என்று மதிப்பெண்ணைக் குறைக்கலாம். வருடம் தவறாமல் இந்த வரிசையை விளையாடுகிறவர் அப்படித்தான் சொல்லுவார், அவருக்கு அது நியாயம். தம்பி முந்தைய வருடத்து ஆட்டத்தை வைத்திருக்கவில்லை. அவன் பழகியது என் வீட்டில் பிளேஸ்டேஷன் 4இல் ஓடும் 23. அங்கிருந்து பிளேஸ்டேஷன் 5இன் 26க்குப் போகிறவனுக்கு மூன்று வருட மாற்றமும் இயந்திர மாற்றமும் ஒன்றாகச் சேர்ந்து வரும். 180க்கு மேற்பட்ட உண்மையான ஆட்டங்களிலிருந்து அசைவுகளை எடுத்த ஹைப்பர்மோஷன் வி எஃப்சி 24இலேயே வந்துவிட்டது, நாங்கள் பழைய இயந்திரத்திலேயே இருந்ததால் எங்கள் கண்ணில் படவில்லை.

இன்னொரு காரணத்தையும் சொல்ல வேண்டும், இது மனசோடு ஒட்டியது. வேல்ஸில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பிள்ளை விமல் யோகநாதன் 2023 ஓகஸ்டில், 17 வயதில், பார்ன்ஸ்லிக்காக முதல் முறை களமிறங்கினார். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து தம்பி பார்ன்ஸ்லி ஆதரவாளன். இங்கிலாந்தின் மூன்றாம் நிலையான லீக் ஒன், கிளப் பெயரோடும் சின்னத்தோடும் ஈஏயின் ஆட்டத்தில் இருக்கிறது. பார்ன்ஸ்லியை எடுத்துப் பிரீமியர் லீக்குக்கு ஏற்றுவது அவனுடைய கனவு. அதை ஈஃபுட்போலில் செய்ய வழியில்லை. நூறு விமர்சனம் படித்தாலும் இந்த ஒரு விஷயத்தின் எடை அவற்றில் வராது.

ஆகவே 25ஆ 26ஆ என்றால் 26. பழைய 25இல் மிச்சம் பிடிக்கும் காசு உண்மைதான், ஒரு சில வீடுகளுக்கு அது சரியான தெரிவும்கூட. ரஷ்ஷும் மகளிர் கரியரும்தான் வேண்டும் என்பவர் 25ஐத் தாராளமாக எடுக்கலாம். கரியர் பைத்தியமாக இருப்பவர் ஒத்தெண்டிக்குக்காக 26க்குக் கொஞ்சம் பொறுப்பது நல்லது.

வாங்குவது டிஸ்க்காகவே இருக்கட்டும். இலங்கை பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கின் நாட்டுப் பட்டியலில் இல்லை. நாங்கள் எல்லாரும் அமெரிக்கா, எமிரேட்ஸ், இந்தியா என்று ஏதோவொரு நாட்டின் பெயரில் கணக்குத் திறந்து, கிஃப்ட் கார்ட் வாங்கிக் காலம் தள்ளுகிறோம். ஒரு முறை தெரிவு செய்த நாட்டைப் பிறகு மாற்ற முடியாது. டிஸ்க் எந்த நாட்டுக் கணக்கிலும் ஓடும், ஆனால் பெட்டிக்குள் வரும் கோட்கள் டிஸ்க் எந்தப் பிராந்தியமோ அந்தக் கணக்கில்தான் ஏறும். அதனால் அல்டிமேட் எடிஷனுக்குக் கூடக் காசு கொடுத்து, கோட் ஏறாமல் நிற்காதீர்கள். டிஸ்க்கை அடுத்த செப்டெம்பரில் விற்கவும் முடியும், மச்சானுக்கு இரவல் கொடுக்கவும் முடியும். டிஸ்க் ட்ரைவ் இல்லாத இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு இணையத்தில் வாங்கி இறக்குவதைத் தவிர வேறு வழி இல்லை. ஸ்லிம் என்றால் ட்ரைவைத் தனியாக வாங்கிப் பொருத்தலாம், முதல் முறை பொருத்தும்போது இணையம் வேண்டும். எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எஸ்ஸில் அதுவும் முடியாது. டிஸ்க் போட்டாலும் அப்டேட் பெரிதாக வரும், இரவு டேட்டா உள்ள பக்கேஜில் விட்டுவிட்டுப் படுப்பதுதான் எங்கள் வழக்கம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை, சித்தியிடம் நேரே சொன்னதும் இதுதான். அல்டிமேட் டீமில் உண்மைக் காசுக்குப் பொதி வாங்கலாம், உள்ளே எந்த வீரர் வருவார் என்பது அதிர்ஷ்டம். பெல்ஜியத்தில் அதிகாரிகள் இதைச் சூதாட்டத்தோடு சேர்த்ததால் 2019இல் ஈஏ அங்கே பொதி வாங்கப் பயன்படும் புள்ளிகளைக் காசுக்கு விற்பதை நிறுத்தியது. பிள்ளையின் கணக்கில் வங்கி அட்டையைச் சேமித்து வைக்காதீர்கள். காசு போடாமலும் அதை விளையாடலாம், ஆனால் பொறுமை வேண்டும், அது பதினாறு வயதில் எல்லாருக்கும் இருப்பதில்லை. ஒன்லைனில் மற்றவர்களோடு மோத பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவும் வேண்டும், அந்தச் செலவையும் முதலே கணக்கில் எடுங்கள்.

கடைசியாக, எதை முதலில் வாங்குவது. தம்பி எதிர்பார்க்காத பதில் இது: முதலில் இரண்டாவது கொன்ட்ரோலர். அண்ணனும் தங்கச்சியும் உள்ள வீட்டில் ஒற்றைக் கொன்ட்ரோலரோடு 26ஐ வாங்கி வைத்தால், ஆட்டத்தை விடச் சண்டைதான் அதிகம் நடக்கும். கையில் இருக்கும் காசுக்கு டியூவல்சென்ஸ் ஒன்று, அடுத்த மாதம் டிஸ்க். செப்டெம்பரில் வந்த ஆட்டத்தின் விலை மாதம் போகப் போக இறங்குவதுதான் வழக்கம், பொறுப்பதில் நட்டமில்லை. அதுவரை என் ஃபிஃபா 23 டிஸ்க்கும் இரண்டு டியூவல்ஷொக்கும் அவர்கள் வீட்டில் இருக்கலாம். ஈஃபுட்போலை இறக்கி வைக்கட்டும், காசு போகாது.

சனிக்கிழமை பின்னேரம் இரண்டு பேரும் பஸ்ஸில் வெள்ளவத்தைக்கு வந்தார்கள். கொன்ட்ரோலர்களை சார்ஜ் போட்டு வைத்திருந்தேன். போகும்போது தங்கச்சி பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தம்பி படியில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "அண்ணா, 26 பெட்டியில பிஎஸ்5 எண்டு எந்தப் பக்கம் போட்டிருக்கும்?"

மேல் ஓரத்தில், இடது பக்கமாக, என்றேன்.